ஃபீனிக்ஸ் வெயிலுக்கு முள்ளில்லாத நிழல் மரம்: எதை வைக்கலாம், எதை வைக்க வேண்டாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சாண்ட்லரில் புது வீடு வாங்கியிருக்கிறீர்கள், கொல்லைப்பக்கம் மேற்குப் பார்த்தது, மரம் எதுவும் இல்லை, சரளைக்கல் மட்டும் கொட்டிக் கிடக்கிறது, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சமையலறை ஜன்னல் ஓரம் நிற்க முடியவில்லை. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள், அதனால் முள் கூடவே கூடாது. நர்சரியில் 'முள்ளில்லாத மெஸ்கீட்' என்று ஒன்றைக் காட்டினார்கள், பார்த்தால் நம்மூர்ச் சீமைக்கருவேலம் மாதிரியே இருக்கிறது, அதை நம்பி வைக்கலாமா, இல்லை பேசாமல் ஒரு வேப்பமரம் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது என்னவென்றால், மரத்தின் பெயர் உங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. 'முள் கிடையாது' என்று கடைக்காரர் சொல்வது பத்து வருடம் கழித்தும் உண்மையாக இருக்குமா என்பதுதான் உங்கள் கவலை. நியாயமான கவலை, ஏனென்றால் எல்லாக் கன்றுக்கும் அப்படி இருக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்குப் பக்கத்துக்கு 'டெசர்ட் மியூசியம்' என்ற பெயரில் விற்கும் பாலோ வெர்டே (பச்சைத் தண்டுள்ள ஒரு பாலைவன மரம்) வையுங்கள். இடம் தாராளமாக இருந்தால், அதுவும் இன்னும் அடர்த்தியான நிழல் வேண்டுமென்றால், முள்ளில்லாத மெஸ்கீட்டில் பெயர் போட்ட ஒரு ரகம். ஜன்னலை ஒட்டிய சின்ன இடம் என்றால் டெசர்ட் வில்லோ. வேம்பு வேண்டாம். ஏன் என்பதுதான் மீதிப் பதில், கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நான் கோவையில் தோட்டக்கலை படித்தவன், இங்கே வந்தபிறகு பல வருடமாக வீட்டுத் தோட்டம் அமைப்பதும் மரம் பராமரிப்பதும்தான் தொழில். நான் சொல்வது ஃபீனிக்ஸ், மேசா, சாண்ட்லர், கில்பர்ட் அடங்கிய தாழ்வான பாலைவனத்துக்குப் பொருந்தும், டூசானுக்கும் பெரும்பாலும் பொருந்தும். குளிர் அதிகமான எல் பாசோ, லாஸ் வேகஸ் பக்கம் சில மரங்கள் தாங்காது, அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மண்ணை நான் பார்க்கவில்லை, உங்கள் ஹெச்ஓஏ (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுமதிக்கும் மரங்களின் பட்டியலையும் பார்க்கவில்லை. அது இரண்டும் தெரிந்தபிறகே பணத்தைக் கொடுங்கள்.

இந்த ஊர்க் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபீனிக்ஸில் வருடத்துக்கு மழை சுமார் 7 அங்குலம், சென்னையில் ஒரு நல்ல புயல் ஓரிரு நாளில் கொட்டிவிடுகிற அளவு. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்தது, அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். 2024இல் 113 நாள் ஒரு நாள்கூட விடாமல் 100 டிகிரியைத் தொட்டது. சரி, வெயில் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. 2007 ஜனவரியிலும் 2011 பிப்ரவரியிலும் வந்த உறைபனியில் ஃபீனிக்ஸ் வட்டாரம் முழுக்க ஃபைகஸ் (ஆல், அத்தி இன) மரங்கள் கருகி நின்றன. அப்புறம் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை மான்சூன். அதில் வரும் மழை கொஞ்சம்தான், ஆனால் புழுதிப்புயலும் திடீர்க் காற்றும் பெரிய மரங்களை வேரோடு சாய்த்துவிடும். வெயில், பனி, காற்று மூன்றையும் குறைந்த தண்ணீரில் தாங்குகிற மரங்கள் பெரும்பாலும் இந்தப் பாலைவனத்து மரங்களே, அவற்றில் பாதிக்கு மேல் முள் மரம். அயர்ன்வுட் அருமையான மரம், நிழலும் அடர்த்தி, ஆனால் முள். டெக்சஸ் எபனி, ஸ்வீட் அகேசியா எல்லாம் அப்படியே. ஆகவே உங்கள் தேர்வு இயல்பிலேயே சின்னதாகிவிடுகிறது.

சீமைக்கருவேலம் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். கண் ஏமாற்றவில்லை, இரண்டும் நெருங்கிய சொந்தம். நம்மூரில் கண்மாயையும் தரிசையும் மூடிக்கொண்டு நீதிமன்றம் வரை போன மரம் இந்த மெஸ்கீட் கூட்டத்தில் ஒன்று, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 2022இல் தாவரவியலாளர்கள் இந்தக் கூட்டத்தைப் பிரித்து, மெஸ்கீட்களையும் சீமைக்கருவேலத்தையும் 'நெல்டுமா' என்று ஒரு தனிப் பேரினத்தில் வைத்தார்கள். நம்ம வன்னி மரம் பழைய 'புரோசோபிஸ்' பெயரிலேயே தங்கிவிட்டது. ஆனால் இங்கே மெஸ்கீட் அந்நியச் செடி இல்லை. வெல்வெட் மெஸ்கீட் இந்த மண்ணில் பிறந்தது, இங்குள்ள பூர்வகுடி மக்கள் காலம் காலமாக அதன் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஊரில் அதைப் பிடுங்கப் போராடியவர்களுக்கு இதைக் காசு கொடுத்து வாங்குவது கசப்பாகத்தான் இருக்கும், புரிகிறது. ஆனாலும் ஒரு மரம் எந்த ஊரில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

இப்போது முள் விஷயம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெஸ்கீட்டும் பாலோ வெர்டேயும் விதையில் வளர்ந்தால் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு மாதிரி. முள்ளே இல்லாத தாய்மரத்தின் விதையைப் போட்டாலும் அதில் பல கன்றுகளுக்கு முள் வரும். 'டெசர்ட் மியூசியம்' மரத்துக்கு அடியில் எப்போதாவது ஒரு நாற்று தானாக முளைக்கும், அதை எடுத்து நட்டு வளர்த்தால் முள்ளோடு வரக்கூடும், தாயின் குணத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எனவே முள்ளில்லாத மரம் வேண்டுமென்றால் தாய்மரத்திலிருந்து போத்து வெட்டி வேர்விட வைத்த கன்றோ, ஒட்டுக்கட்டிய கன்றோதான் வாங்க வேண்டும். சீட்டில் 'சிலியன் மெஸ்கீட்' என்றோ 'தென்னமெரிக்க மெஸ்கீட்' என்றோ மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் விதைக் கன்று, அதுவும் பல இனம் கலந்த கலப்பு. முள் இல்லாமல் வளரலாம், இரண்டங்குல முள்ளோடும் வளரலாம். இரண்டங்குல முள் செருப்பைத் துளைக்கும், பிள்ளைகளின் சைக்கிள் டயரையும் துளைக்கும்.

ஒட்டுக் கன்றிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மேலே கட்டிய கிளைதான் முள்ளில்லாதது, கீழே இருக்கும் வேர்ச்செடி முள் உள்ளதாகவே இருக்கும். ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் ஒவ்வொரு துளிரும் முள்ளோடுதான் வரும், அதைப் பார்த்தவுடன் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் மூன்று நாலு வருடத்தில் மேல்பாகத்தை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும். 'முள்ளில்லாத மரம் என்று வாங்கினேன், இப்போது முள்ளாக இருக்கிறது' என்று என்னைக் கூப்பிடுபவர்கள் வீட்டில் நான் முதலில் குனிந்து பார்ப்பது அடித்தண்டைத்தான். போத்துக் கன்றில் இந்தத் தொல்லை கிடையாது, அடியிலிருந்து துளிர்த்தாலும் அதே மரம்தான். இன்னொன்று, மெஸ்கீட்டை மொட்டையடிக்கிற மாதிரி வெட்டினால் பிறகு வேகமாகக் கிளம்பும் நீர்க்கொம்புகளில், முள்ளில்லாத ரகத்திலும்கூட, சில நேரம் முள் தலைகாட்டும்.

நர்சரியில் எப்படிச் சோதிப்பது? அடிமரத்தைத் தடவிப் பிரயோசனமில்லை, அங்கே முள் தெரியாது. இந்த வருடம் வந்த இளங்கொப்பு ஒன்றைப் பிடித்து நுனியிலிருந்து உள்பக்கமாகக் கணுக் கணுவாக விரலால் தடவிப் பாருங்கள். நீல பாலோ வெர்டேயில் கணுவுக்குக் கணு ஊசி போலச் சின்னதாக ஒரு முள் இருக்கும். மலையடிவாரத்தில் வளரும் சின்ன இலை பாலோ வெர்டேயில் தனியாக முள் இருக்காது, ஆனால் கொப்பின் நுனியே கூராக முடிந்து குத்தும். மெக்சிகன் பாலோ வெர்டேயில் நீளமான முள், மறைக்கவே முடியாது. நீங்கள் தடவிய கொப்பில் கணுவும் மழமழவென்று இருந்து நுனியும் மெத்தென்று வளைந்தால், சீட்டிலும் 'டெசர்ட் மியூசியம்' என்று இருந்தால், வாங்கலாம். பூத்திருக்கும் நேரம் என்றால் இன்னும் நல்லது: மஞ்சள் பூ பெரிதாக இருக்கும், மேல் இதழில் செம்மஞ்சள் புள்ளி தெரியும். ஒரே வரிசையில் பத்துக் கன்று நின்றாலும் நீங்கள் வாங்கும் கன்றையே தடவுங்கள், பக்கத்துக் கன்றை இல்லை. சீட்டு மாறிப்போவது நர்சரிகளில் நடப்பதுதான்.

இந்த 'டெசர்ட் மியூசியம்' ரகம் டூசான் பக்கத்தில் இருக்கும் அரிசோனா-சோனோரா பாலைவன அருங்காட்சியகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது, பெயரும் அதனால்தான். அங்கே தாவரப் பிரிவில் இருந்த மார்க் டிம்மிட் என்ற தாவரவியலாளர் கண்டுபிடித்துப் பிரித்த கன்று. மேலே சொன்ன மூன்று பாலோ வெர்டேயின் ரத்தமும் இதில் கலந்திருக்கிறது: நீல வகையின் நிறம், மெக்சிகன் வகையின் வேகமும் பெரிய பூவும், சின்ன இலை வகையின் உறுதி. மூன்றுமே ஏதோ ஒரு விதத்தில் குத்தும் மரங்கள், மூன்றும் சேர்ந்ததில் குத்தாத ஒன்று கிடைத்தது அதிர்ஷ்டம், அதைக் கவனித்துப் பிரித்தெடுத்தது உழைப்பு. பாலோ வெர்டே 1954 முதல் அரிசோனாவின் மாநில மரமும்கூட. தண்டு, கிளை எல்லாமே பச்சை, அந்தப் பச்சைத் தோலே உணவு தயாரிக்கும், அதனால் கடும் வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் கிடைத்தால் மூன்று முதல் ஐந்து வருடத்தில் 20 அடி தொட்டுவிடும், அகலமும் கிட்டத்தட்ட அதே அளவு, முழு வளர்ச்சியில் 25 அடியும் தாண்டும். 15 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிர் தாங்கும், சாண்ட்லருக்கு அது தாராளம்.

ஆனால் நிழல் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். புங்கமரத்தடி போல இருண்ட நிழலை எதிர்பார்க்காதீர்கள். இலை பொடிப்பொடியாக இருப்பதால் வெயிலைச் சல்லடையில் சலித்த மாதிரி ஒரு நிழல்தான் விழும். அதுவே போதுமா என்றால், சுவரும் தரையும் கொதிக்காமல் இருக்கப் போதும், அடியில் பூச்செடி வளரவும் அது நல்லது. கட்டில் போட்டுப் படுக்கிற அளவு நிழல் என்றால் போதாது. அப்புறம் பூ. மார்ச் கடைசி, ஏப்ரலில் மரமே மஞ்சளாகிவிடும், பார்க்க அவ்வளவு அழகு, பத்து நாளில் அத்தனையும் தரையில். கோடையிலும் விட்டு விட்டுப் பூக்கும். சரளைக்கல் மேல் விழுந்தால் காய்ந்து காற்றில் போய்விடும். நீச்சல் குளம் இருந்தால் மட்டும் யோசியுங்கள், வடிகட்டிக் கூடையைத் தினமும் கொட்ட வேண்டிவரும். பூவுக்குத் தேனீக்கள் நிறைய வரும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு அந்தச் சில வாரம் மரத்தடியில் செருப்பு போடச் சொல்லுங்கள். முள் குத்தாவிட்டாலும் உதிர்ந்த பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீ கொட்டும்.

பாலோ வெர்டே வண்டு பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துவார். மூன்றங்குல நீளத்தில் கறுப்பாக, ஜூலையில் மான்சூன் தொடங்கும்போது தரையில் கட்டைவிரல் அளவு ஓட்டை போட்டு வெளியே வரும். அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று சில வருடம் வாழும். உண்மைதான், ஆனால் நன்றாக வேரூன்றிய ஆரோக்கியமான மரம் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. தண்ணீரில்லாமல் வாடிய, வயதான மரங்கள்தான் விழுகின்றன. இதற்காக மண்ணில் மருந்து ஊற்றச் சொல்லி யாராவது வந்தால் பணத்தை மிச்சம் பிடியுங்கள், அந்தக் காசைத் தண்ணீருக்குச் செலவழியுங்கள்.

மெஸ்கீட் பக்கம் வந்தால், 'மேவரிக்' என்பது டெக்சஸ் ஹனி மெஸ்கீட்டிலிருந்து எடுத்த முள்ளில்லாத ரகம், குளிர்காலத்தில் இலை கொட்டும். மேற்குச் சுவருக்கு அது ஒரு வசதி: கோடையில் நிழல், டிசம்பரில் வெயில். தென்னமெரிக்கக் கலப்பிலும் பெயர் போட்ட முள்ளில்லாத ரகங்கள் உண்டு, அவை ஏறக்குறைய வருடம் முழுக்க இலையோடு இருக்கும், நிழலும் பாலோ வெர்டேயைவிட அடர்த்தி. ஆனால் அவற்றின் பெரிய குறை, மேலே வளரும் வேகத்துக்குக் கீழே வேர் பிடிப்பதில்லை. அதிலும் தண்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு சொட்டுக்குழாயை வைத்துத் தினமும் பத்து நிமிடம் விட்டால் வேர் அந்த ஈரத்தை விட்டு நகராது. நாலைந்து வருடத்தில் 30 அடி மரம், ஒரு பாய் அளவுக்கே வேர், ஆகஸ்டில் ஒரு காற்று, மரம் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவர் மேல். மான்சூன் முடிந்து இந்த ஊர்த் தெருக்களில் விழுந்து கிடக்கும் மரங்களில் இந்தக் கலப்பு மெஸ்கீட்தான் எப்போதும் அதிகம் கண்ணில் படுகிறது. இதுபோகக் கோடையில் காய் உதிரும், வயதான மரத்தில் தண்டிலிருந்து கறுப்பாகப் பால் வடிந்து தரையைக் கறைப்படுத்தும். கொல்லை பெரிதாக இருந்து, மரம் விழுந்தாலும் சுவரைத் தொடாத தூரம் இருந்தால் தாராளமாக வையுங்கள். புதுக் குடியிருப்புகளில் அந்த இடம் அபூர்வம்.

டெசர்ட் வில்லோவை நான் இன்னும் அதிகமாகப் பரிந்துரைக்க விரும்புவேன், மக்கள்தான் குளிர்காலத்தில் அது குச்சியாக நிற்பதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள். பெயரில் வில்லோ இருந்தாலும் அந்தக் குடும்பம் இல்லை, பொன்னரளி போல நீளமான இலையும் ஊதா கலந்த குழல் பூவும் உள்ள, 15 முதல் 25 அடி வரை வளரும் மரம், முள்ளே கிடையாது, விதையில் வளர்ந்தாலும் கிடையாது. ஹம்மிங்பேர்ட் தேடி வரும். காய் தொங்குவது பிடிக்காவிட்டால் காய்க்காத ரகங்களும் விற்கிறார்கள். நிழல் லேசானது, அதனால் முக்கிய மரமாக வைக்காமல் ஜன்னல் ஓரத் துணை மரமாக வையுங்கள். மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலிய மல்கா முள்ளில்லாதது, சாம்பல் நிறம், குப்பை குறைவு, ஆனால் மெதுவாக வளரும், உங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போதுதான் நிழல் தரும். ஷூஸ்ட்ரிங் அகேசியா ஒடுக்கமாக உயரும், குறுகலான பக்கவாட்டு இடத்துக்கு நல்லது. டெசர்ட் ஃபெர்ன் எனக்கு மிகவும் பிடித்த சின்ன மரம், தெற்கு அரிசோனா மலைகளுக்குச் சொந்தம், கடும் பனியில் நுனி கருகும், மறுபடி துளிர்த்துவிடும். 'ரெட் புஷ்' பிஸ்தாஷ் நல்ல அடர்ந்த நிழல் தரும், நவம்பர், டிசம்பரில் சிவக்கும், ஆனால் பாலைவன மரங்களைவிடத் தண்ணீர் கூடக் கேட்கும்.

வைக்கக் கூடாதவை. சிசு மரம் என்று வட இந்தியாவிலிருந்து வந்த ஒன்று இங்கே 'சிஸ்ஸூ' என்ற பெயரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு விற்றது, நம்ம ஈட்டி மரத்தின் உறவு. பெரிய, பச்சைப் பசேல் நிழல், முள் இல்லை, விலையும் குறைவு, உங்களிடமும் யாராவது நிச்சயம் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அதன் வேர் மேலாகவே ஓடி நடைபாதையைத் தூக்கும், சுவரை நெருக்கும், குழாயைத் தேடிப் போகும், மரத்தை வெட்டிய பிறகும் கொல்லை முழுக்கக் கன்று விடும். சில குடியிருப்புகளில் தடையே போட்டுவிட்டார்கள். வேம்பைப் பற்றிக் கேட்டீர்கள், மனசு எனக்கும் புரிகிறது, வாசலில் வேம்பு நின்றால் ஊர் நினைப்பு. வெயிலை வேம்பு தாங்கும், அதில் பயமில்லை. பனிதான் பிரச்சினை, இளங்கன்று ஒரே இரவில் போய்விடும், வளர்ந்ததும் ஒரு கடுமையான ஜனவரியில் கிளை வரை கருகும். தொட்டியில் ஒன்று வைத்துக் குளிர்காலத்தில் சுவரோரம் நகர்த்திக்கொள்ளலாம், மேற்குச் சுவருக்கு நிழல் தர அதை நம்ப முடியாது. முருங்கை கதை வேறு, அது பனியில் தரை வரை செத்தாலும் ஏப்ரலில் கிளம்பிக் கோடையில் கீரை தரும். ஆசைக்கு அதை வையுங்கள்.

எங்கே வைப்பது என்பது எதை வைப்பது என்பதற்குச் சமமான விஷயம். இங்கே ஜூன் மாதத்தில் சுமார் நாலு மணிக்கு சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும், அப்போது நிழலின் நீளம் மரத்தின் உயரம்தான். ஐந்தரை மணிக்கு நிழல் மரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொரு சங்கதி, அந்த நேரத்துச் சூரியன் நேர் மேற்கில் இருக்காது, கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். எனவே ஜன்னலுக்கு நேர் எதிரே வைக்காமல், ஜன்னலிலிருந்து 15 அடி தள்ளி, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்த்து வையுங்கள். 20 அடி மரம் வந்ததும் நாலு மணிக்கு மேல் அந்த ஜன்னலிலும் அதை ஒட்டிய சுவரிலும் பெரும்பாலும் நிழல் விழும். தாழ்ந்த வெயிலைத் தடுப்பது தாழ்ந்த கிளைகள், அதனால் மேற்குப் பக்கக் கிளைகளை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி வெட்டச் சொல்லாதீர்கள். காம்பவுண்டு சுவரிலிருந்து குறைந்தது 10 அடி. கூரையில் சோலார் தகடு இருந்தால் அல்லது வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பக்கம் 25 அடி மரம் வேண்டாம், வில்லோ போதும்.

குழி தோண்டுவதற்கு முன் 811க்குக் கூப்பிடுங்கள், இலவசம், குறைந்தது இரண்டு வேலைநாள் முன்னால். மின்கம்பி, எரிவாயுக் குழாய் போகும் இடத்தில் வண்ணத்தால் அடையாளம் போட்டுவிடுவார்கள். தோண்டும்போது ஒன்றரை அடியில் கடப்பாரை 'டங்' என்று நின்றால் அது காலிச்சி, நம்மூர்ச் சுக்கான் பாறை மாதிரி சுண்ணாம்பு இறுகிய அடுக்கு. குழியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு மறுநாள் பாருங்கள். தண்ணீர் வற்றியிருந்தால் சரி, அப்படியே நின்றால் பாறையை உடைத்து வடிகால் திறக்க வேண்டும், இல்லையென்றால் இடத்தை மாற்ற வேண்டும். நீர் தேங்கும் குழியில் எந்தப் பாலைவன மரமும் உருப்படாது. குழியின் ஆழம் கன்றின் வேரோடு வரும் மண்கட்டியின் ஆழமேதான், அகலம் மட்டும் அதைப்போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். நம்மூர்ப் பழக்கத்தில் எருவும் மணலும் கலக்கக் கை பரபரக்கும், இந்த மரங்களுக்கு அது தேவையில்லை, வேர் அந்த இனிப்பான மண்ணுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நின்றுவிடும்.

தண்ணீர்தான் மரத்தை வளர்ப்பதும் விழவைப்பதும். மரத்துக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு முதல் மூன்றடி ஆழம் ஈரம் போக வேண்டும், பிறகு மேல்மண் காய விட வேண்டும். தண்ணீர் விட்ட மறுநாள் ஒரு நீளமான கம்பியைக் குத்திப் பாருங்கள், ஈர மண்ணில் சுலபமாக இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். முதல் கோடையில் அடிக்கடி ஊற்றத்தான் வேண்டும், வாரத்துக்கு ஒன்று இரண்டு முறை, மண்ணைப் பார்த்து. வேரூன்றிய பிறகு பாலைவன மரத்துக்குக் கோடையில் 7 முதல் 21 நாளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை போதும் என்பதுதான் இங்குள்ள நகராட்சித் தண்ணீர் வழிகாட்டிகளும் சொல்லும் அளவு. மரம் அகல அகலச் சொட்டுக்குழாயையும் வெளியே நகர்த்துங்கள், கிளை எங்கே முடிகிறதோ அங்கே. எத்தனையோ வீட்டில் பத்து வயது மரத்துக்கு இன்னும் தண்டடியிலேயே குழாய் இருக்கிறது, நட்டவர் வைத்த இடத்திலேயே. விலை கொஞ்சம் ஏறினாலும் நல்ல கன்று வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் விட்டால் அந்தப் பணமும் போய்விடும்.

கன்றைத் தாங்கும் முட்டுக்கொம்பு தேவைப்பட்டால் மட்டும், தளர்வாகக் கட்டி, ஒரு வருடத்துக்குள் எடுத்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும். நர்சரியில் கட்டிய குச்சியை நட்ட அன்றே அவிழ்த்துவிடுங்கள். கவாத்து என்று மாதாமாதம் வரும் ஆட்களிடம் இந்த மரத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லி வைக்க வேண்டும். உள்கிளை எல்லாவற்றையும் வழித்துவிட்டு நுனியில் மட்டும் குஞ்சம் போல விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது, காற்றில் அதுதான் முதலில் முறியும். பாலோ வெர்டேயின் பச்சைத் தோலில் திடீரென்று மேற்கு வெயில் நேராகப் பட்டால் வெந்து வெடிக்கவும் செய்யும். ஒரு வருடத்தில் கால் பங்குக்கு மேல் வெட்டக் கூடாது, முதல் இரண்டு வருடம் உடைந்ததையும் உரசுவதையும் தவிர எதையும் தொட வேண்டாம்.

உறுதியாகச் சொல்ல முடிந்ததையும் முடியாததையும் பிரித்துவிடுகிறேன். போத்துக் கன்றான 'டெசர்ட் மியூசியம்' முள்விடாது என்பதும், உங்கள் வெயிலையும் பனியையும் தாங்கும் என்பதும் உறுதி. எவ்வளவு வருடம் வாழும் என்பது அப்படி இல்லை, இந்த ரகமே 1980களுக்குப் பிறகு பரவியதுதான், நூறு வயது மரம் எங்கேயும் கிடையாது. நீல பாலோ வெர்டேயைப் பார்த்து ஊகிக்கலாமே தவிர அடித்துச் சொல்ல முடியாது. வேகமாக வளரும் மரம் என்பதால் முப்பது, நாற்பது வருடம் நன்றாக நின்றால் நான் திருப்திப்படுவேன். மூச்சு ஒவ்வாமை இருப்பவர் வீட்டில் யாராவது உண்டென்றால் பூக்கும் காலத்தில் ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஆளுக்கு ஆள் மாறும் விஷயத்தில் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அளவில், 24 அங்குலப் பெட்டியில் வளர்த்த பெரிய கன்றுக்கு ஆசைப்பட வேண்டாம், 15 காலன் தொட்டியில் வளர்த்த கன்று போதும். சின்னக் கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும், மூன்று நாலு வருடத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒரே உயரம்தான். மிச்சமாகும் பணத்தில் ஜன்னல் ஓரத்துக்கு ஒரு வில்லோவையும் வாங்கிவிடலாம். உங்களுக்கு மின்சாரம் தருவது எஸ்ஆர்பி நிறுவனம் என்றால் அவர்களுடைய நிழல் மரத் திட்டத்தையும் பாருங்கள், ஒரு சின்ன வகுப்பில் உட்கார்ந்தால் இலவசமாகக் கன்று கொடுக்கிறார்கள், வீட்டின் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நடுவதற்கு அக்டோபர், நவம்பர் நல்ல நேரம், அதை விட்டால் பிப்ரவரி கடைசி, மார்ச். இப்போதே ஹெச்ஓஏவுக்கு மரத்தின் பெயரை எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கே சில வாரம் ஆகும். நர்சரியில் கன்றைத் தேர்ந்தெடுத்ததும் இளங்கொப்பின் கணுவைப் பக்கத்திலிருந்து ஒரு படமும், அடித்தண்டு மண்ணைத் தொடும் இடத்தை ஒரு படமும் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.